'வேலீவ்': தமிழில் என்ன சொல்லலாம்? (வழியுரிமை, வசதியுரிமை, தட இசைவு)

பொருள்: 'வேலீவ்' – கலைச்சொல் தேவை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மின் நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தப் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தன் நிலத்தில் கம்பம் நடவும், மேலே கம்பி செல்லவும், பழுது பார்க்க ஆட்கள் வந்துபோகவும் நில உரிமையாளர் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கும் அனுமதி அது. ஆங்கிலத்தில் 'வேலீவ்' என்கிறார்கள். பிரிட்டிஷ் சட்ட நடையில் எழுதிய படிவம். இலங்கையின் மின்சாரச் சட்டத்திலும் இதே சொல் உண்டு என்பதால், தமிழாக்கம் அங்குள்ளவர்களுக்கும் பயன்படவேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இதே படிவத்தில் 'ஈஸ்மென்ட்' வேறு, 'ரைட் ஆஃப் வே' (பிறர் நிலத்தின் வழியே செல்லும் உரிமை) வேறு. மூன்றையும் 'வழியுரிமை' என்று போட்டால், 'இந்த வழியுரிமை வழியுரிமை ஆகாது' என்று ஒரு வாக்கியம் வருகிறது. சிரிக்காதீர்கள், அப்படித்தான் வருகிறது.

உங்கள் பரிந்துரைகளைச் சொல்லுங்கள்.

---

பொருள்: மறு: 'வேலீவ்' – கலைச்சொல் தேவை

'வழியுரிமை' எல்லோருக்கும் புரியும் சொல். சாலை, குழாய், கம்பி எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒப்பந்தத்தின் முதல் பத்தியில் வரையறை கொடுத்துவிட்டால் போதும். ஒரே பொருளுக்கு நாலு சொல் உண்டாக்கினால் படிப்பவருக்குத்தான் தலைவலி. 'வழிவிடு இசைவு' என்றும் யோசித்தேன். ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவது போல இருக்கிறது, வேண்டாம்.

---

பொருள்: மறு: மறு: 'வேலீவ்' – கலைச்சொல் தேவை

வணக்கம்.

> ஒரே பொருளுக்கு நாலு சொல் உண்டாக்கினால்

ஒரே பொருளாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. இங்கே பொருளே வெவ்வேறு. பத்திரம், நில வழக்கு என்று கொஞ்ச காலம் புழங்கியவன் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஈஸ்மென்ட். இந்தியாவில் இதற்கு 1882-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன் 4-ஆம் பிரிவின்படி இரண்டு நிலங்கள் வேண்டும். என் நிலத்தை நான் முறையாக அனுபவிப்பதற்காக, எனக்குச் சொந்தமில்லாத இன்னொரு நிலத்தின் மேல் எனக்கு இருக்கும் உரிமைதான் ஈஸ்மென்ட். என் காட்டுக்குப் போக உங்கள் காட்டின் ஓரமாக வண்டித்தடம், என் வயலுக்குத் தண்ணீர் வர உங்கள் வயலில் வாய்க்கால். உரிமை என்னைவிட என் நிலத்தோடு ஒட்டியது. நான் விற்றால் வாங்கியவருக்குப் போகும். யாரும் எழுதிக்கொடுக்காவிட்டாலும், உரிமையாகவும் வெளிப்படையாகவும் தடையில்லாமலும் 20 ஆண்டு அனுபவித்தால் கிடைத்துவிடும். அரசு நிலமென்றால் 30 ஆண்டு.

நம் பத்திரங்கள் இதைப் பல தலைமுறையாக அழகாகச் சொல்லிவருகின்றன: 'மாமூல் வண்டித்தடத்தில் ஆள், மாடு, வண்டி வாகனாதிகள் போக வர உள்ள பாத்தியம்', 'கிணற்றிலும் வாய்க்காலிலும் உள்ள நீர்ப் பாத்தியம்'. பத்திரம் எழுதுபவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் 'சகலவித ஈஸ்மெண்ட் பாத்தியங்களும் உள்பட' என்று ஆங்கிலத்தையும் தமிழையும் ஒன்றாகக் கட்டிவிடுவார்கள். சட்ட நூல்களில் 'வசதியுரிமை'. எனக்குப் பாத்தியம்தான் பிடிக்கும். தூய தமிழா என்று கேட்பவர்கள் தனிமடலில் கேளுங்கள், இங்கே அந்தச் சண்டை வேண்டாம்.

இப்போது மின் நிறுவனத்துக்கு வருவோம். கம்பி போகும் வழியில் நிறுவனத்துக்குப் பக்கத்து நிலம் எதுவும் இல்லை. அதன் துணைமின் நிலையம் எங்கோ இருக்கிறது. 1882 சட்டத்தின் கணக்கில் பயன்பெறும் நிலம் என்று ஒன்றைக் காட்ட முடியாவிட்டால் ஈஸ்மென்ட்டே இல்லை. அந்தச் சட்டமே 52-ஆம் பிரிவில் இன்னொன்றைத் தனியாக வைத்திருக்கிறது: ஒருவர் தன் நிலத்தில் ஒன்றைச் செய்துகொள்ள இன்னொருவருக்குக் கொடுக்கும் வெறும் அனுமதி. ஆங்கிலத்தில் லைசென்ஸ். நாம் 'உரிமம்' என்றால் ஓட்டுநர் உரிமமும் கடை உரிமமும்தான் நினைவுக்கு வரும். அரசு கொடுப்பது என்ற எண்ணம் ஊறிவிட்டது. இங்கே கொடுப்பவர் நில உரிமையாளர். ஆகவே 'இசைவு' பொருத்தம்.

பிரிட்டனில் வேலீவ் பிறந்தது மின்சாரத்துக்காக அல்ல. வடகிழக்கு இங்கிலாந்தின் சுரங்கங்களிலிருந்து நிலக்கரியை ஆற்றங்கரைக்கு வண்டிப்பாதையில் கொண்டுவர, வழியிலிருந்த நிலக்காரர்களுக்குச் சுரங்க முதலாளிகள் கொடுத்த பணமும் அதற்குப் பெற்ற அனுமதியும் அந்தப் பெயரில் வழங்கின. பிறகு தந்தி, தொலைபேசி, மின்சாரம் எல்லாம் அந்தச் சொல்லில் ஏறிக்கொண்டன. இன்றும் அதன் இயல்பு அதுதான்: எழுதிக்கொடுத்தவருக்கும் பெற்ற நிறுவனத்துக்கும் இடையிலான ஏற்பாடு, பெரும்பாலும் ஆண்டுதோறும் ஒரு தொகை, முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ள ஒரு விதி. நிலம் கைமாறினால் புதியவரிடம் மறுபடி பேசவேண்டும். நிறுவனங்களுக்கு இதில் நிம்மதி இல்லை என்பதால்தான், முக்கியமான பாதைகளுக்கு ஒரே தடவையில் பெரிய தொகை கொடுத்து நிரந்தர ஈஸ்மென்ட் கேட்கிறார்கள். அந்த நாட்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

ஆக, படிவத்தில் வேலீவ் என்று இருக்கும் இடத்தில் நாம் 'பாத்தியம்' என்று போட்டால் என்ன ஆகும்? நில உரிமையாளர் ஆங்கிலத்தில் கொடுத்ததைவிடத் தமிழில் அதிகம் கொடுத்துவிடுகிறார். பாத்தியம் என்று கேட்டதும் 'பிள்ளைகள் காலத்துக்கும் போய்விட்டது' என்றுதான் எடுத்துக்கொள்வார். நிறுவனத்துக்குக் கசக்காது. மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடாத வேலை அது. 'வழியுரிமை' பாத்தியம் அளவுக்குப் போகாவிட்டாலும், உரிமை என்ற சொல்லே யாரிடம் எதைக் கொடுத்தோம் என்பதை மறைத்துவிடுகிறது.

என் பரிந்துரை:

வேலீவ் – தட இசைவு
ஈஸ்மென்ட் – வசதியுரிமை (பேச்சிலும் பத்திரத்திலும் பாத்தியம்)

'தடம்' ஏன் என்றால், வண்டித்தடம் என்று பத்திரத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மின் வழித்தடம் என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். கம்பி, குழாய், கண்ணாடியிழை வடம் எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்கும். 'வழி' என்றால் ஆள் நடப்பதுதான் முதலில் தோன்றும்.

கல்வெட்டு ஆர்வலர் ஒருவர் எனக்குத் தனியாக 'ஊடறுப்புரிமை' என்று எழுதியிருந்தார். நிலத்தை 'ஊடறுத்துப்' போகும் வாய்க்கால், வழி என்பது கல்வெட்டுகளில் எல்லை சொல்லும்போது வருவதுதான். அழகான சொல். ஆனால் கையெழுத்துப் போட வந்தவரிடம் 'உங்கள் நிலத்தை ஊடறுக்க' என்று படித்துக்காட்டினால் அவர் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார்.

---

பொருள்: மறு: மறு: மறு: 'வேலீவ்' – கலைச்சொல் தேவை

ஐயா வணக்கம். மின்பாதைத் திட்டங்களில் வேலை செய்த பொறியாளன் நான். இரண்டு இடைஞ்சல்கள்.

ஒன்று. எங்கள் வேலையில் 'ஆர்ஓடபிள்யூ' ('ரைட் ஆஃப் வே' என்பதன் சுருக்கம்) என்றால் உரிமை மட்டும் அல்ல, நிலப்பட்டையும் அதுதான். 220 கிலோவோல்ட் பாதைக்கு 35 மீட்டர், 400 கிலோவோல்ட்டுக்கு 46 மீட்டர் என்று அகலம் சொல்வோம். 'ஆர்ஓடபிள்யூ-வில் தென்னை நிற்கிறது' என்பது அன்றாடப் பேச்சு. 'வழியுரிமையில் தென்னை நிற்கிறது' என்றால் யாருக்கும் புரியாது.

இரண்டு. இசைவு என்கிறீர்கள். எல்லா இடத்திலும் இசைந்தா கொடுக்கிறார்கள்? பிரிட்டனிலேயே, உரிமையாளர் மறுத்தாலோ கொடுத்ததை முடித்துக்கொண்டாலோ, 1989-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 4-ஆம் அட்டவணைப்படி நிறுவனம் அரசிடம் போய் வேலீவ் வாங்கலாம். அதற்கும் பெயர் வேலீவ்தான், முன்னால் 'தேவையான' என்று ஓர் அடைமொழி. 'கட்டாய இசைவு' என்று மொழிபெயர்ப்பீர்களா?

நம்மூரில் அதுகூட வேண்டாம். பெரும் மின்பாதைகளுக்கு மின்சாரச் சட்டம் 2003-இன் 164-ஆம் பிரிவில் மின் நிறுவனத்துக்குத் தந்தி அதிகாரியின் அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு நடப்பது 1885-இன் தந்திச் சட்டம். அதில் உரிமையாளரின் கையெழுத்து தேவையே இல்லை.

---

பொருள்: மறு: மறு: மறு: மறு: 'வேலீவ்' – கலைச்சொல் தேவை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். 'தடம்' எங்களுக்குக் காலடித் தடம், விட்டுப்போன அடையாளம் என்றும் படும். ரயில் கடவை, பாதசாரிக் கடவை என்று நாங்கள் புழங்குவதால் 'கடவை இசைவு' பற்றி யோசித்தால் என்ன?

---

பொருள்: மறு: தட இசைவு (முன்பு: 'வேலீவ்' – கலைச்சொல் தேவை)

வணக்கம்.

கடவை நல்ல சொல். ஆனால் அது ஓர் இடம், ஒன்றை ஒன்று குறுக்கிடும் புள்ளி. தண்டவாளத்தைக் கடந்துவிட்டால் கடவை முடிந்தது. நாம் பேசுவது நிலத்தின் ஒரு வேலியிலிருந்து மறு வேலி வரை ஆண்டுக்கணக்கில் கிடக்கப்போகும் ஒன்றை. கம்பியோ குழாயோ ஏதாவது ஒரு சாலையையோ ஓடையையோ தாண்டும் இடத்துக்கு 'கடவை' என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே அது மிகச் சரி.

பொறியாளர் ஐயாவின் முதல் இடைஞ்சலுக்கு 'தடப்பட்டை' போதும் என்று நினைக்கிறேன். 46 மீட்டர் தடப்பட்டை, தடப்பட்டையில் தென்னை. உரிமையையும் நிலப்பட்டையையும் ஒரே சொல்லில் அடைத்த குழப்பம் ஆங்கிலத்தின் குழப்பம், அதை நாம் இறக்குமதி செய்யவேண்டியதில்லை.

> 'கட்டாய இசைவு' என்று மொழிபெயர்ப்பீர்களா?

மாட்டேன். இந்த இழையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மறுத்தவரின் மேல் அரசு சுமத்துவதை இசைவு என்று எழுதினால் தமிழ் பொய் சொல்லும். அதைத் 'தட ஆணை' என்று எழுதுவோம். உரிமையாளர் கொடுத்தால் இசைவு, மேலிடத்திலிருந்து வந்தால் ஆணை. தபாலில் வந்த தாளின் தலைப்பைப் பார்த்ததுமே தான் பேசவேண்டியது யாரோடு என்று அவருக்குத் தெரியவேண்டும். இசைவு கேட்டு வந்தால் நிறுவனத்தோடு பேரம் பேசலாம், மறுக்கலாம், விதிகளை மாற்றச் சொல்லலாம். ஆணை வந்தால் பேரத்துக்கு இடம் குறைவு. எந்த அதிகாரியிடம், எத்தனை நாளுக்குள் முறையிடுவது, இழப்பீட்டுக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி.

தந்திச் சட்டத்தைப் பற்றி அவர் சொன்னது சரி, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். (தந்திச் சேவை 2013-இல் மூடப்பட்டது. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்தபோதும், மின்பாதைகளுக்குப் பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதி தொடரும் என்று விலக்கு வைத்துவிட்டது. தந்தி போய்விட்டது, தந்திச் சட்டம் கோபுரங்களுக்காக உயிரோடு இருக்கிறது.) தந்திச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு கம்பியும் கம்பமும் வைக்க அதிகாரம் கொடுக்கும்போதே மூன்று கட்டுப்பாடுகளையும் சேர்த்துக் கொடுக்கிறது: அந்த நிலத்தில் பயன்படுத்தும் உரிமையைத் தவிர வேறெதுவும் அரசுக்கு வராது, இயன்ற அளவு குறைவாகத்தான் சேதம் செய்யவேண்டும், செய்த சேதத்துக்கு முழு இழப்பீடு தரவேண்டும். உரிமையாளர் தடுத்தால் 16-ஆம் பிரிவின்கீழ் மாவட்ட நடுவரிடம், நடைமுறையில் ஆட்சியரிடம், போகிறார்கள். அவர் கொடுப்பதுதான் நம் 'தட ஆணை'. தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். பலரும் கவனிக்காதது 17-ஆம் பிரிவு: பின்னாளில் அந்த நிலத்தை உரிமையாளர் வேறு விதமாகப் பயன்படுத்த விரும்பி, கம்பி அதற்கு இடைஞ்சலாக இருந்தால், அதை மாற்றும்படி கேட்கவும் வழி இருக்கிறது. முன்பு இழப்பீடு வாங்கியிருந்தால் மாற்றும் செலவுக்குக் கை கொடுக்கவேண்டியிருக்கும்.

அப்புறம் குழாய். பெட்ரோலிய, எரிவாயுக் குழாய்களுக்கு 1962-இல் வந்த தனிச் சட்டம் உண்டு. அதன் பெயரிலேயே 'ரைட் ஆஃப் யூஸர்' வருகிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்த 'யூஸர்' பயனர் அல்ல. பழைய சட்ட ஆங்கிலத்தில் 'யூஸர்' என்றால் பயன்படுத்துதல். 'பயனர் உரிமை' என்று எழுதினால் கணினிக் கடவுச்சொல் விவகாரம் மாதிரி ஆகிவிடும். 'பயனுரிமை' என்று முடித்துவிடலாம்.

அந்தச் சட்டத்தில் நிலம் கைமாறுவதில்லை. பட்டா உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். ஆனால் அறிவிக்கை வந்து பயனுரிமை எடுக்கப்பட்ட பட்டையில் அவர் வீடு கட்டக்கூடாது, கிணறோ குளமோ தோண்டக்கூடாது, மரம் நடக்கூடாது. அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லவேண்டும். சேதத்துக்கான இழப்பீட்டுக்கு மேல், பயனுரிமைக்காக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. மரமும் கிணறும் இல்லாத தோட்டத்தை யார் முழு விலைக்கு வாங்குவார் என்ற கேள்விக்கு இந்த 10 விழுக்காடு பதில் சொல்லாது. கொச்சியிலிருந்து வந்த எரிவாயுக் குழாய் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை மேற்கு மாவட்டங்கள் ஏழில் விளைநிலங்கள் வழியாக வரும் என்றானபோது எழுந்த எதிர்ப்புக்கு இதுவும் ஒரு காரணம். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லி 2013-இல் தமிழக அரசு முடிவெடுத்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

சட்டத்தின் பெயரில் 'அக்விசிஷன்' என்று இருப்பதால் அதைக் 'கையகப்படுத்தல்' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் 'நிலமே போய்விட்டது' என்று எண்ணிக்கொண்டு, கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்குகிறவர் உண்டு. மறுபக்கம், 'நிலம் உங்களுடையதுதானே, என்ன நட்டம்?' என்று கேட்கிறவரும் உண்டு. 'பயனுரிமை எடுப்பு' என்று எழுதினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெளியும்: எடுத்தது எது, விட்டது எது என்று சொல்லிலேயே இருக்கிறது.

பணத்துக்கும் பெயர் பிரித்தாகவேண்டும். தட இசைவுக்கு ஆண்டுதோறும் வருவது 'தட வாடகை'. ஆணைக்கும் பயனுரிமை எடுப்புக்கும் ஒரே தடவையில் வருவது 'இழப்பீடு'. மின்பாதைகளுக்கு ஒன்றிய மின்துறை 2015-இல் வெளியிட்ட வழிகாட்டலில் கோபுர அடிக்கு (கோபுரம் நிற்கும் இடத்துக்கு) நில மதிப்பில் 85 விழுக்காடு, தடப்பட்டைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு என்று இருந்தது. 2024 ஜூனில் அதைக் கோபுர அடிக்கு 200, தடப்பட்டைக்கு 30 என்று உயர்த்தினார்கள். இது வழிகாட்டல்தான், மாநிலம் ஏற்று ஆணையிட்டால்தான் கைக்கு வரும். இந்த இரண்டு கணக்கையும் தமிழில் எழுதும்போது 'கோபுர அடி', 'தடப்பட்டை' என்ற பிரிப்பு இல்லாவிட்டால் எந்த நிலத்துக்கு எந்த விகிதம் என்பதே தெரியாது. 'வழியுரிமை இழப்பீடு' என்ற ஒற்றைத் தொடர் இந்த இடத்தில்தான் காலை வாருகிறது.

கண்ணாடியிழை, கைபேசிக் கோபுரம் இவற்றுக்கு 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகளின் பெயரிலேயே 'ரைட் ஆஃப் வே' இருக்கிறது. அதில் தனியார் நிலமென்றால் உரிமையாளரோடு பேசி உடன்படுவதுதான் முதல் வழி. அது நம் 'தட இசைவு'க்கு நெருங்கியது. விதிகளின் பெயரை மட்டும் 'வழியுரிமை விதிகள்' என்று விட்டுவிடலாம், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

---

பொருள்: மறு: மறு: தட இசைவு

நன்றி ஐயா. இரண்டாம் மடல் எழுதியவன் நான். வரையறையால் சமாளிக்கலாம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன், ஆனால் வரையறையைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 'தட ஆணை' எனக்குப் பிடித்திருக்கிறது. 'எடுப்பு' மட்டும் உறுத்துகிறது. தட்டில் எடுப்பது போல.

---

பொருள்: மறு: மறு: மறு: தட இசைவு

அனைவருக்கும் நன்றி. படிவத்தில் பொருத்திப் பார்த்தேன். முதல் பத்தி இப்படி வருகிறது:

'கீழே கையொப்பமிடும் நில உரிமையாளர், அட்டவணையில் கண்ட நிலத்தின் தடப்பட்டையில் மின்பாதை அமைக்கவும் பராமரிக்கவும் நிறுவனத்துக்கு இந்தத் தட இசைவை அளிக்கிறார். இதனால் நிறுவனத்துக்கு அந்த நிலத்தில் வசதியுரிமையோ வேறு உரிமை எதுவுமோ ஏற்படாது. நிறுவனம் ஆண்டுதோறும் தட வாடகை செலுத்தவேண்டும். இரு தரப்பில் எவரும் எழுத்து மூலம் முன்னறிவிப்புக் கொடுத்து இந்த இசைவை முடித்துக்கொள்ளலாம். அவ்வாறு முடிந்தபின் நிறுவனம் அரசிடம் தட ஆணை கோருவதை இந்த ஒப்பந்தம் தடுக்காது.'

கடைசி வாக்கியம் ஆங்கிலத்தில் நாலு வரி நீண்டு, எங்கோ உள்ளே புதைந்திருந்தது. தமிழில் 'தட ஆணை' என்று வந்ததும் கண்ணில் படும்படி நிற்கிறது. நிறுவனத்தார் அதற்கு மறுப்புச் சொல்லக்கூடும், பார்ப்போம்.

ஒன்றுதான் பாக்கி. கம்பிக்கு அருகில் வளரும் கிளைகளை வெட்ட ஆட்கள் உள்ளே வருவதற்கு ஆங்கிலத்தில் தனிப் பத்தி இருக்கிறது. 'நுழைவிசைவு' என்று போட்டிருக்கிறேன். வெட்டிய கிளையும் விறகும் யாருக்கு என்று படிவத்தில் ஒரு சொல்கூட இல்லை. பொறியாளர் ஐயா, நடைமுறையில் அதை எப்படி எழுதுவீர்கள்?